ஒரு பிடி கொள்ளும் ஒரு கோழிமுட்டையும்

கொங்கு நாட்டு விளைபொருள்களில் புரதச் சத்து மிகுந்தவை எவை என்று கேட்டால் இரண்டு பண்டங்கள் முன்னே வந்து நிற்கும். ஒன்று, புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மானாவாரி நிலங்களில் விதைக்கப்படும் கொள்ளு. மற்றொன்று, நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளிலிருந்து நாள்தோறும் கோடிக்கணக்கில் லாரியேறிச் செல்லும் கோழிமுட்டை. முன்னது நம் பாட்டன் பூட்டன் காலத்துப் பண்டம். பின்னது சென்ற அரை நூற்றாண்டில் பெருகிய பண்டம். இரண்டில் எது மேலானது என்ற கேள்வி, சங்கங்களின் பொதுக்குழு முடிந்து அங்கத்தினர்கள் திண்ணையில் அமரும் வேளைகளில் அடிக்கடி எழக் காண்கிறோம். விவசாய அன்பர்கள் கொள்ளின் பக்கம் பேசுவர். தறிக்கார இளைஞர்கள் முட்டையின் பக்கம் பேசுவர். முடிவு காணாமலே பேச்சு கலையும்.

இது பொழுதுபோக்குக்கான வழக்கன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019-21 ஆண்டுகளில் நடந்தது. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அது கூறுகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகை உடையவர்கள் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. அரிசிக்குப் பஞ்சமில்லாத மாநிலம் இது. 2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றியே கிடைக்கிறது. வயிறு நிறைந்தும் உடல் நிறையவில்லை என்றால், குறை தட்டின் மற்றொரு பாதியில் இருக்கிறது என்பது வெளிப்படை. எனவே இவ்விரு பண்டங்களின் கணக்கையும் ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது போலவே, வரவு வேறு கழிவு வேறாகப் பிரித்து இங்கே பார்ப்போம்.

தேவை எவ்வளவு?

தசை, இரத்தம், தோல், செரிமான நீர்கள், நோயை எதிர்க்கும் ஆற்றல் ஆகிய அனைத்துக்கும் மூலப்பொருள் புரதம். உழைப்பவர் உடலில் நாள்தோறும் தேய்வதை அது ஈடு செய்கிறது. வளரும் பிள்ளைக்குத் தேய்வை ஈடு செய்வதோடு புதிதாகவும் கட்டுகிறது.

இத்துறையில் நம் நாட்டின் ஆராய்ச்சி, கோயமுத்தூருக்கு மேலே உள்ள மலையிலேதான் பிறந்தது. 1918-இல் டாக்டர் ராபர்ட் மக்காரிசன், குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் தம் ஆய்வைத் தொடங்கினார். பல பிரதேசத்து மக்களின் உணவை அவர் எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், காய்கறி அடங்கிய வடநாட்டு உணவில் வளர்ந்த எலிகள் செழித்தன. அரிசி மிகுந்து மற்றவை குறைந்த சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை பின்தங்கின. அந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய உணவூட்ட நிறுவனம் என்ற பெயர் பெற்றது.

அந்நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம் வேண்டும். கருவுற்ற பெண்ணுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேலும் 22 கிராம் தேவை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டரை கிராம் போதும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு 16 கிராம். இந்த எண்களை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். முடிவில் இவையே வழக்கைத் தீர்க்கும்.

எடைக் கணக்கு

நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. ஓடு நீக்கிய முட்டை நூறு கிராமில் ஏறத்தாழ 13 கிராம் உண்டு. இதை மட்டும் பார்த்தால் கொள்ளு வென்றுவிட்டது என்று தோன்றும். கொள்ளின் பக்கம் பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் உலர்ந்த பண்டத்தையும் ஈரப் பண்டத்தையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று. ஈரம் ஏறிய நூலை எடை போட்டு வாங்கினால் நஷ்டம் யாருக்கு என்று நெசவாளர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முட்டையில் முக்கால் பங்கு நீர். கொள்ளு உலர்ந்தது, வேகும்போது நீரை ஏற்றுத் தன் எடையைப் போல இருமடங்கு, மும்மடங்கு ஆகிறது. வெந்த கொள்ளு நூறு கிராமில் புரதம் ஏழு, எட்டு கிராம் அளவே நிற்கும்.

ஆதலின் நூறு கிராம் கணக்கை விட்டு, சமையற்கட்டின் கணக்குக்கு வருவோம். நடுத்தர அளவுள்ள ஒரு முட்டையில், ஓடு நீங்கலாக 50 கிராம் எடையில், ஆறரை கிராம் புரதம் இருக்கிறது. உலர்ந்த கொள்ளு 30 கிராமிலும், அதாவது ஒரு சிறு பிடியிலும், அதே ஆறரை கிராம் இருக்கிறது. ஒரு பிடி கொள்ளு ஒரு முட்டைக்குச் சமம். எடைக் கணக்கின் சுருக்கம் இதுதான்.

தரக் கணக்கு

நூலை நாம் எடையால் மட்டும் மதிப்பதில்லை. எத்தனையாம் நம்பர் நூல் என்றும் பார்க்கிறோம். புரதத்துக்கும் அவ்வாறே ஒரு தரம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு கண்ணிகள் கோத்த சங்கிலி. அவற்றுள் ஒன்பது கண்ணிகளை உடல் தானே செய்துகொள்ள இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். முட்டையில் இந்த ஒன்பதும் உடலுக்கு வேண்டிய விகிதத்திலேயே அமைந்துள்ளன. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடலில் சேருகிறது. பிற உணவுகளின் புரதத்தை அளக்க நெடுங்காலம் முட்டையையே விஞ்ஞானிகள் அளவுகோலாகக் கொண்டதற்குக் காரணம் இதுவே.

கொள்ளில் லைசின் என்னும் அமிலம் மிகுதி; மெத்தியோனின் என்னும் அமிலம் குறைவு. மேலும், செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் பயறுகளில் இயற்கையாகவே உள்ளன. ஆகையால் கொள்ளை மட்டும் தனித்து உண்டால், அதன் புரதத்தில் ஒரு பகுதி உடலுக்குப் பயன்படாமல் போகும்.

ஆனால் கொள்ளைத் தனித்து உண்பவர் யார்? அரிசிச் சோற்றோடும், கம்பஞ் சோற்றோடும், சோளக் களியோடும் அன்றோ அது நம் நாட்டில் உண்ணப்பட்டு வந்தது? தானியங்களின் குறை இதற்கு நேர் எதிரானது. அவற்றில் லைசின் குறைவு, மெத்தியோனின் போதிய அளவு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. இரண்டும் தறியில் கூடும்போதே துணி உண்டாகிறது. சோறும் பருப்பும் அவ்விதமே. கம்பஞ் சோற்றில் கொள்ளுப் பருப்பைக் கடைந்து ஊற்றிய நம் முன்னோர் அமினோ அமிலம் என்ற சொல்லை அறியார். பண்டத்தின் குணத்தை அறிந்திருந்தனர்.

புரதத்துக்கு அப்பால்

மற்றச் சத்துக்களையும் பார்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். கொள்ளில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் முட்டையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நூறு கிராம் கொள்ளில் சுண்ணாம்பு ஏறத்தாழ 270 மில்லிகிராம் உண்டு. முட்டையில் 60 அளவே. கொள்ளில் நார்ச்சத்து உண்டு. முட்டையில் அறவே இல்லை. கொள்ளில் கொழுப்பு மிகச் சொற்பம். ஆயினும் கொள்ளின் இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. பயறுகளில் உள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் அந்தப் பிடி தளரும்; இரும்பு கூடுதலாகச் சேரும்.

முட்டையின் பக்கத்தில் வேறு வரவுகள் உள்ளன. கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமின், எலும்புக்கு வேண்டிய டி வைட்டமின் இரண்டும் அதன் மஞ்சள் கருவில் உண்டு. இரத்தமும் நரம்பும் சீராயிருக்க வேண்டிய பி12 வைட்டமின் எந்தப் பயற்றிலும் இல்லை, முட்டையில் உண்டு. புலால் உண்ணாத குடும்பங்கள் முட்டையையும் விலக்குமாயின், பி12-க்காகப் பாலையும் தயிரையும் நாடியே ஆக வேண்டும். ஒரு முட்டையில் கொலஸ்டிரால் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. உடல் நலமுள்ளவர் நாளொன்றுக்கு ஒரு முட்டை உண்பதில் தீங்கு காணப்படவில்லை; நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவு அறிதல் நலம். சிறுநீரக நோயுள்ளவர்கள் கொள்ளாயினும் முட்டையாயினும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டலாகாது.

சமைக்கும் முறை

இரண்டு பண்டங்களின் மதிப்பும் அடுப்பங்கரையில் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். கொள்ளை இரவு முழுவதும் ஊற வைத்து, முடியுமாயின் ஒரு நாள் முளை கட்டி, பின் நன்றாக வேகவைத்தால் செரிமானத் தடைகள் பெரும்பாலும் நீங்கும். முளை கட்டும்போது அதுவரை இல்லாத சி வைட்டமினும் தோன்றுகிறது. வெந்த நீரைக் கொட்டுவது பெருநஷ்டம். நீரில் கரைந்த சத்து சாக்கடைக்குப் போகும். அந்த நீரையே ரசமாக்கிக் கொள்வது நம் பக்கத்து வழக்கம். பருப்பைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்தமல்லி சேர்த்துக் கடைந்து சோற்றுக்கும், நீரை ரசத்துக்கும் வைத்துக்கொள்ளும் அந்தச் சிக்கனத்தை இளைய தலைமுறை கைவிடலாகாது.

முட்டையைப் பச்சையாகக் குடித்தால் பலம் என்ற எண்ணம் உடற்பயிற்சி செய்யும் வாலிபர்களிடையே இன்றும் இருக்கிறது. 1998-இல் பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஐந்து பேருக்கு வெந்த முட்டையையும் பச்சை முட்டையையும் கொடுத்து அளந்து பார்த்தனர். வெந்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு செரித்தது. பச்சை முட்டையில் 51 பங்கே செரித்தது. பச்சையாகக் குடிப்பவர் இரண்டு முட்டைக்குப் பணம் கொடுத்து, ஒன்றின் பலனைச் சற்றே மிஞ்சிப் பெறுகிறார் என்பதே பொருள். நோய்க் கிருமி பற்றிய அச்சம் வேறு. அவித்து உண்பதே முறை.

விலைக் கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறுவது. ஆகவே எந்நாளும் பயன்படும் ஒரு வாய்பாட்டைத் தருகிறோம். ஒரு கிலோ கொள்ளில் 33 பிடிகள் உண்டு; அதாவது புரத அளவில் அது 33 முட்டைகளுக்குச் சமம். செரிமானத்துக்கும் தரத்துக்கும் தாராளமாக மூன்றில் ஒரு பங்கைக் கழிவாகத் தள்ளினாலும் 22 முட்டைகள் நிற்கும். இனி அன்பர்கள் சந்தையில் ஒரு கிலோ கொள்ளின் விலையையும் 22 முட்டைகளின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கொள்ளின் விலை குறைவாயின், அன்றைய தினத்தில் கொள்ளே சிக்கனமான புரதம். நாம் சென்று வரும் ஊர்களில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் கொள்ளுக்குச் சாதகமாகவே இருக்கக் காண்கிறோம்.

இதைக் கொண்டு ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் வரவைப் போட்டுப் பார்ப்போம். அரிசி 400 கிராம் உண்டால் அதில் 28 கிராம் புரதம். கொள்ளு இரண்டு பிடியில் 13 கிராம். கால் லிட்டர் பாலில் 8 கிராம். நிலக்கடலை 25 கிராமில் 6 கிராம். மொத்தம் 55 கிராம். ஓர் ஆணின் ஒரு நாள் தேவையான 54 கிராம் இதிலேயே நிறைந்துவிடுகிறது. கொள்ளு இரண்டு பிடியை எடுத்துவிட்டால் 42 கிராமோடு கணக்கு நின்றுவிடும். தட்டில் சோறு குவிந்திருக்கும். ஐந்தொகை பற்றில் நிற்கும்.

முட்டை யாருக்கு?

இனி முன்னே நினைவில் வைக்கச் சொன்ன எண்களுக்கு வருவோம். ஒரு முட்டையின் ஆறரை கிராம், 54 கிராம் தேவைப்படும் தகப்பனுக்கு எட்டில் ஒரு பங்கு. அதே முட்டை, பன்னிரண்டரை கிராம் தேவைப்படும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவையில் பாதி. பண்டம் ஒன்றே, உண்பவரைப் பொறுத்து அதன் மதிப்பு நான்கு மடங்கு மாறுகிறது.

குழந்தையின் வயிறு சிறியது. சோற்றையும் பருப்பையும் வேண்டிய அளவு உண்டு தேவையை நிரப்ப அதற்கு இடமில்லை. கொஞ்ச இடத்தில் நிறைந்த சத்து உள்ள உணவே அதற்கு ஏற்றது. முட்டை அத்தகைய உணவு. கருவுற்ற பெண்ணின் நிலையும் ஏறக்குறைய இதுவே. கடைசி மாதங்களில் பசி குறையும், தேவையோ கூடும்.

ஆனால் வீடுகளில் நடப்பது என்ன? வாரத்தில் நாலைந்து முட்டை வாங்கும் வீட்டில், உழைத்துக் களைத்து வருகிறார் என்று முதல் முட்டை ஆண்மகன் இலைக்குப் போகிறது. அடுத்தது பள்ளி செல்லும் மகனுக்கு. மகளுக்குச் சில நாள் உண்டு, சில நாள் இல்லை. இராட்டையில் தார் சுற்றியும் பாவு புனைந்தும் கணவனோடு சமமாக உழைக்கும் மனைவி, அனைவரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சிய குழம்போடு உண்டு முடிக்கிறாள். நூறு பெண்களில் 53 பேருக்கு இரத்த சோகை என்ற எண் இத்தகைய இலைகளிலிருந்தும் பிறக்கிறது.

அரசாங்கம் இதை ஓரளவு உணர்ந்தே நடந்திருக்கிறது. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு தொடங்கிற்று; 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இருவாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்க்கப்பட்டு, 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்று உயர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. ஆனால் பள்ளிக்கு வராத கைக்குழந்தையும், கருவுற்ற தாயும், விடுமுறை நாட்களும் பெரும்பாலும் வீட்டாரின் பொறுப்பே.

ஆகவே நம் தீர்ப்பு இதுதான்: கொள்ளு வீட்டார் அனைவருக்கும் நாள்தோறும், முட்டை முதலில் குழந்தைக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்க்கும், மிஞ்சினால் மற்றவர்க்கு. உழைக்கும் ஆண்மகன் தன் எட்டில் ஒரு பங்கை ஒரு பிடி கொள்ளிலிருந்து குறைவின்றிப் பெறலாம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி கொள்ளுக்கு ஓர் அநீதி செய்துவிட்டது. அது கொழுத்தவன் இளைக்க உண்பது, அல்லது குதிரைக்கும் காளைக்கும் வைப்பது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. காங்கயம் காளையின் வலுவைப் பாராட்டும் நாம், அதற்கு வைக்கும் தீவனத்தை நம் இலையில் வைக்க நாணுகிறோம்.

இந்த அலட்சியம் விலையிலும் தெரிகிறது. மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் துவரை, உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு உண்டு, கொள்ளு இல்லை. முட்டைக்கோ, 1982-இல் டாக்டர் பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களை ஒன்று சேர்த்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார். அதுவரை வியாபாரிகள் சொன்னதே விலையாக இருந்தது. அதன் பின் உற்பத்தியாளரும் விலை சொல்லும் நிலை வந்தது. நாமக்கல் முட்டையின் அன்றாட விலை இன்று பத்திரிகைகளில் வெளியாகிறது. கொள்ளு விளைவிப்போர் தனித்தனியே நிற்பதால், தை மாத அறுவடையில் களத்துக்கு வந்த வியாபாரி சொன்னதே விலை. குறைந்த நீரில் நூறு நாளைக்குச் சற்று அதிகமான காலத்தில் விளைந்து, வேர் முடிச்சுகளால் நிலத்துக்கு உரமும் சேர்த்து, மாட்டுக்குப் பொட்டும் தரும் பயிருக்கு இந்நிலை தகுமா?

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. விளைவிப்போர் நம் விவசாய சங்கத்து அங்கத்தினர். உண்ண வேண்டியோர் நம் நெசவாளர் சங்கத்து அங்கத்தினர். இருவருக்கும் நடுவே பல கை மாறுவானேன்? அறுவடைக் காலத்தில் விவசாய சங்கம் தன் அங்கத்தினரின் கொள்ளைத் திரட்டி, நன்கு காயவைத்து, தூற்றித் தரம் பிரித்து மூட்டை கட்டட்டும். நெசவாளர் சங்கம் தன் அங்கத்தினரிடம் முன்கூட்டியே தேவையைக் கேட்டுப் பட்டியல் எழுதி, ஒரே கொள்முதலாக வாங்கி, கூலியில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, ஆளுக்கு ஒரு பிடி வீதம் மாதத்துக்கு நாலரை கிலோ வேண்டும். நூறு குடும்பங்கள் கொண்ட சங்கத்துக்கு மாதம் நாலரைக் குவிண்டால். இது எந்தச் சிறு சங்கமும் தாங்கக்கூடிய கொள்முதல். பயறு வண்டு விழாமல் காக்க, ஓராண்டுச் சரக்கையும் ஒருசேர அடைக்காமல் இரண்டு மூன்று தவணைகளாக எடுப்பது நலம். துணைவிதிகளில் இதற்கு இடமில்லாத சங்கங்கள், பொதுக்குழுவின் தீர்மானத்தோடு பதிவாளரின் ஒப்புதலைப் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம்.

கொள்ளுக்கும் முட்டைக்கும் பகை ஏதுமில்லை. ஒன்று நாள்தோறும் வீட்டைத் தாங்குவது. மற்றொன்று தாங்க முடியாத வயதினரைத் தாங்குவது. அடுத்த பொதுக்குழுவில் இப்பேச்சு மீண்டும் எழுமானால், எது மேல் என்று கேட்பதை விட்டு, இந்த ஆண்டு எத்தனை மூட்டை கொள்ளு வாங்குவது என்று அங்கத்தினர்கள் தீர்மானம் எழுதட்டும். தீர்மானத்தைச் சங்கத்தில் எழுதுவோர், வீட்டில் முதல் முட்டை யார் இலைக்கு என்பதையும் அன்றிரவே தீர்மானித்துக் கொள்வார்களாக.